ஜோடி நட்சத்திரங்களுக்க சுற்றுப்பாதையை எப்படி அளக்காங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் டெலஸ்கோப் வச்சு வானம் காட்டும்போது நிலா, வியாழன், சனி எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு இரட்டை நட்சத்திரம் காட்டுவோம். சனியை பாத்துட்டு சூப்பர்னு சொல்லி நகந்துருவாங்க, இரட்டையை பாத்தவங்க நகரமாட்டாங்க, அங்கதான் கேள்வி ஆரம்பிக்கும். பள்ளிக்கூட பிள்ளைங்க, டீச்சர்மாரு, போட்டுக்கு போற அண்ணன்மாரு எல்லாரும் திரும்ப திரும்ப கேக்குற கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே கீழ போட்டிருக்கேன். முதல்ல இருந்து வரிசையா படிச்சா நல்லது, பின்னால உள்ள பதில் முன்னால உள்ளதை பிடிச்சுத்தான் போகும்.

1. வெறும் கண்ணுக்கு ஒண்ணாத்தானே தெரியுது, அதை ரெண்டுன்னு எப்படிண்ணே சொல்லுதீங்க?

கண்ணுக்கு ஒட்டி தெரியுறதை டெலஸ்கோப் பிரிச்சு காட்டும். ஏப்ரல், மே மாசம் ராத்திரி நம்ம தெக்கு கடலுக்கு மேல பளிச்சுன்னு ரெண்டு நட்சத்திரம் பக்கத்து பக்கத்துல நிக்கும், அதுல இடது பக்கம் நிக்கது ஆல்பா செண்டாரி. சின்ன டெலஸ்கோப் வச்சு பாத்தாலே அது ஒண்ணு இல்ல, மஞ்சளா ரெண்டு.

இதை இரட்டைன்னு முதல்ல கண்டுபிடிச்சது எங்க தெரியுமா, நம்ம பாண்டிச்சேரியில. 1689 டிசம்பர்ல ழான் ரிஷோன்னு ஒரு பிரெஞ்சு இயேசு சபை பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தை பாத்துட்டு இருக்கும்போது இது கண்ணுல பட்டுது. எனக்கு இதை சொல்லும்போதெல்லாம் சந்தோசமா இருக்கும், அதனாலதான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். இரட்டைங்கிறது அபூர்வமும் கிடையாது, சூரியன் மாதிரி உள்ள நட்சத்திரங்கள்ல பாதிக்கு கொஞ்சம் கம்மியா துணையோட தான் இருக்கு.

2. பக்கத்து பக்கத்துல தெரிஞ்சா ஜோடின்னு ஆயிருமா? ஒண்ணு முன்னாலயும் ஒண்ணு ரொம்ப பின்னாலயும் இருக்கலாம்லா?

இருக்கலாம், அப்படியும் நிறைய உண்டு. 1767ல ஜான் மிச்செல்ங்கிறவரு கணக்கு போட்டு, வானத்துல இத்தனை நட்சத்திரம் இவ்வளவு நெருக்கமா தற்செயலா அமையவே முடியாது, அதனால பலதும் நிஜ ஜோடியாத்தான் இருக்கணும்னு சொன்னாரு. வில்லியம் ஹெர்ஷல் அப்படி நினைக்கல. அவரு 1779ல இருந்து இரட்டைகளை பட்டியல் போட்டதே முன்னால உள்ளதுக்கும் பின்னால உள்ளதுக்கும் வித்தியாசம் வச்சு நட்சத்திர தூரத்தை கண்டுபிடிக்கத்தான். 25 வருசம் கழிச்சு அதே ஜோடிகளை மறுபடி அளந்து பாத்தா சிலது ஒண்ணை ஒண்ணு சுத்தி நகந்திருக்கு, 1803ல அதை எழுதி வெளியிட்டாரு. பூமியில உள்ள அதே ஈர்ப்பு விதிதான் நட்சத்திரத்துக்கும்னு கண்ணால பாத்த சாட்சி அதுதான்.

இப்ப இவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஐரோப்பாக்காரங்க 2013 டிசம்பர்ல அனுப்புன கையா விண்கலம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களுக்கு தூரமும் நகர்வும் அளந்து வச்சிருக்கு, ரெண்டுக்கும் தூரமும் ஒண்ணு, போற திசையும் வேகமும் ஏறக்குறைய ஒண்ணுன்னா அது ஜோடி.

3. கல்யாணத்துல அருந்ததி பாக்கச் சொல்லுதாங்களே, அந்த அருந்ததியும் வசிஷ்டரும் ஒண்ணை ஒண்ணு சுத்துதா?

ரெண்டும் சேந்துதான் பயணம் பண்ணுது, அது உறுதி. ஆனா சுத்துனாலும் ஒரு சுத்துக்கு பல லட்சம் வருசம் ஆகும், அந்த பாதையை அளந்தாச்சுன்னு யாரும் சொல்ல முடியாது.

வசிஷ்டரை மட்டும் டெலஸ்கோப்புல பாருங்க, அவரே ரெண்டா பிரிவாரு. 1617லயே கலிலியோவுக்க சிஷ்யர் காஸ்டெல்லி இதை பாத்துட்டாரு. அந்த ரெண்டுல ஒவ்வொண்ணும் மறுபடி ரெண்டு, அது டெலஸ்கோப்புல பிரியாது (எப்படி தெரிஞ்சுதுன்னு 8ல சொல்லுதேன்). அருந்ததிக்கும் மங்கலா ஒரு துணை இருக்குன்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. மொத்தம் 6 பேரு. அடுத்த கல்யாணத்துல சொல்லிப் பாருங்க.

4. சுத்துறதை அளக்கதுன்னா என்னத்தை அளப்பீங்க, டேப்பா பிடிப்பீங்க?

ரெண்டே ரெண்டு அளவு. ஒண்ணு இடைவெளி, அதாவது ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோணம், இதை ஆர்க் செகண்ட்ல சொல்லுவாங்க. 1 டிகிரியை 3600 பங்கு போட்டா ஒரு பங்குதான் 1 ஆர்க் செகண்ட், முழு நிலா சுமார் 1800 ஆர்க் செகண்ட் அகலம். ரெண்டாவது திசைக்கோணம், பிரகாசமானதுல நின்னு பாத்தா மத்தது எந்தப் பக்கம் இருக்கு. வடக்கை 0ன்னு வச்சு கிழக்கை 90ன்னு எண்ணிட்டே போகணும். கூடவே தேதி. இந்த மூணு எண்ணும் சேந்தாதான் ஒரு அளவு, தேதி இல்லாத அளவால ஒரு பிரயோஜனமும் இல்ல.

முந்தி ஐபீஸ்ல சிலந்தி நூல் கட்டி திருகி திருகி அளந்தாங்க. பெறகு போட்டோ வந்துது. 1970ல அந்துவான் லபேய்ரின்னு பிரெஞ்சுக்காரர் ஸ்பெக்கிள்னு ஒரு முறை கொண்டுவந்தாரு, காத்து ஆடி படம் கலையுறதுக்குள்ள ரொம்ப வேகமா ஆயிரக்கணக்குல படம் எடுத்து அதுல இருந்து கணக்குல பிரிச்செடுக்கது. நம்ம தமிழ்நாட்டு காவலூர் வானாய்வகத்துல உள்ள 2.34 மீட்டர் டெலஸ்கோப்புலயும் 1990கள்ல இப்படி அளந்திருக்காங்க.

5. ஆல்பா செண்டாரிக்கு ஒரு சுத்துக்கு 80 வருசம்னு சொல்லுதீங்க. எவன் உக்காந்து பாத்தான்?

ஒருத்தர் இல்ல, பல தலைமுறை. ரிஷோ பாத்த நாள்ல இருந்து இப்பவரைக்கும் அது 4 சுத்து முடிச்சாச்சு. ஒருத்தர் தன் காலத்துல பத்து அளவு எடுத்து தேதியோட எழுதி வச்சிட்டு போறாரு, அவரு முகம் தெரியாத இன்னொருத்தர் அதுக்கு மேல பத்து சேக்காரு. அமெரிக்க கடற்படை வானாய்வகம் பராமரிக்கிற வாஷிங்டன் இரட்டை நட்சத்திர பட்டியல்ல ஒன்றரை லட்சத்துக்கும் மேல ஜோடி இருக்கு, அதுல ஹெர்ஷல் காலத்து அளவும் இருக்கு, போன வருசம் யாரோ வீட்டு மாடியில இருந்து எடுத்த அளவும் இருக்கும்.

முழு சுத்தும் பாக்கணும்னு கட்டாயமும் இல்ல. பெருங்கரடி மண்டலத்துல க்ஸை நட்சத்திரம்னு ஒண்ணு, ஹெர்ஷல் 1780ல இரட்டைன்னு கண்டது, அதுக்கு சுமார் 60 வருச சுத்து. பிரான்ஸ்ல ஃபெலிக்ஸ் சவாரி 1827லயே அதுக்கு பாதை போட்டுட்டாரு, அதாவது ஒரு சுத்து முடியுறதுக்கு முன்னாலயே. நட்சத்திர ஜோடிக்கு கணக்குல பாதை போட்டது அதுதான் முதல் தடவை. பாதையில நல்லா வளையுற பகுதி அளவுல மாட்டுனா போதும், மீதியை ஈர்ப்பு விதி சொல்லிரும். வெறும் நேர்கோடு மாதிரி உள்ள துண்டு மட்டும் கிடைச்சா என்ன கணக்கு போட்டாலும் நம்ப முடியாது.

6. நெட்டுல பாதை படம் பாத்தேன், பெரிய நட்சத்திரம் நீள்வட்டத்துக்க குவியத்துலயே இல்லையே, கெப்ளர் சொன்னது தப்பா?

நல்ல கேள்வி, கவனிச்சு பாக்கவங்கதான் இதை கேப்பாங்க. ஒண்ணு மத்ததை சுத்துற பாதை நீள்வட்டம், மத்தது அதுக்க குவியத்துல இருக்கும்னு கெப்ளர் சொன்னது சரி. ஒரு சாப்பாட்டு தட்டை சாய்ச்சு பிடிச்சா வட்டம் நீண்டு தெரியும்லா, அதே மாதிரி பாதை நமக்கு நேரா இல்லாம சாஞ்சு இருக்கு, நாம வானத்துல பாக்கது அதுக்க நிழலைத்தான். நீள்வட்டம் சாஞ்சாலும் நீள்வட்டமாத்தான் தெரியும், ஆனா குவியம் இடம் மாறிரும். எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் மாறியிருக்குன்னு பாத்துத்தான் பாதை எத்தனை டிகிரி சாஞ்சிருக்குன்னே கண்டுபிடிக்காங்க. ரெண்டையும் இணைக்கிற கோடு சம நேரத்துல சம பரப்பை கடக்கும்ங்கிற கெப்ளர் விதி மட்டும் சாஞ்ச பிறகும் மாறாது, அதை வச்சு அளவுகளை சரிபார்க்கலாம்.

ஆல்பா செண்டாரி பாதை சுமார் 79 டிகிரி சாஞ்சது, ஏறக்குறைய விளிம்புல இருந்து பாக்கோம். நிஜத்துல ரெண்டும் கிட்ட வந்தது 1955ல, ரொம்ப தூரம் போனது 1995 வாக்குல, மறுபடி கிட்ட வரப்போறது 2035ல. ஆனா 2016ல இடைவெளி 4 ஆர்க் செகண்டுக்கு சுருங்கி தெரிஞ்சுது, அது சாய்வு செஞ்ச வேலை. இப்ப விரிஞ்சு 10க்கு பக்கம் வந்திருக்கு, பாக்கதுக்கு நல்ல சமயம்.

ஒரு பாதையை முழுசா சொல்ல ஏழு எண் வேணும். சுத்துற காலம், நெருங்குன தேதி, பாதைக்க அளவு, எவ்வளவு நீண்டது, எவ்வளவு சாஞ்சது, மீதி ரெண்டு அது எந்தப் பக்கம் திரும்பி கிடக்குன்னு சொல்ற கோணங்கள்.

7. இதை எல்லாம் அளந்து என்ன கிடைக்கும் சார்?

எடை. நட்சத்திரத்துக்க எடையை நேரடியா அளக்க மனுசனுக்கு இருக்குற முக்கியமான வழி இதுதான். ஒரு நட்சத்திரம் எத்தனை வருசம் எரியும், கடைசியில என்ன ஆகும்னு சொல்ற எல்லா கணக்கும் இந்த எடைகள் மேலதான் நிக்குது.

நீங்களே போட்டு பாக்கலாம். சிரியஸ் ஜோடிக்கு பாதையில பாதி நீளம் 7.5 ஆர்க் செகண்ட், இடமாறு கோணம் (பூமி சூரியனை சுத்துறதால நட்சத்திரம் இடம் மாறி தெரியுற கோணம், தூரத்தை சொல்லும்) 0.379 ஆர்க் செகண்ட். முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா 19.8, இதுதான் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1ன்னு வச்சா வர்ற அளவு. 19.8ஐ மூணு தடவை பெருக்குங்க (19.8 × 19.8 × 19.8), சுமார் 7,760. சுத்துற காலம் 50.1 வருசம், அதை ரெண்டு தடவை பெருக்குனா 2,510. வகுத்தா 3.1 வரும். ரெண்டும் சேந்து 3.1 சூரியன் எடை, பத்தாங்கிளாஸ் கணக்குதான். ஆளுக்கு எவ்வளவுன்னு பிரிக்க ரெண்டும் பொது மையத்தை சுத்தி எவ்வளவு அசையுதுன்னு பாக்கணும், எடை கூடினது கம்மியா அசையும். அப்படி பிரிச்சா பெருசு 2, சின்னது 1ன்னு வருது.

தூரத்துல மட்டும் ரொம்ப கவனம் வேணும். மூணு தடவை பெருக்குறதால தூரத்துல 1 சதவீதம் பிசகுனா எடையில 3 சதவீதம் பிசகும்.

8. எவ்வளவு பெரிய டெலஸ்கோப்புலயும் பிரியலன்னா என்ன செய்வாங்க?

வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சு அதுல உள்ள கருப்பு கோடுகளை பாப்பாங்க. நம்ம பக்கம் வந்தா கோடு நீலத்துக்கு நகரும், விலகி போனா சிவப்புக்கு நகரும், ரெண்டு நட்சத்திரமும் எதிர் எதிர் பக்கம் ஓடும்போது ஒரு கோடு ரெண்டா பிரியும், பெறகு சேரும். 1889ல பிக்கரிங் வசிஷ்டர்ல இதைத்தான் பாத்தாரு, 20.5 நாளைக்கு ஒரு சுத்து, இப்படி கண்டுபிடிச்ச முதல் ஜோடி அது. சித்திரை நட்சத்திரமும் இப்படித்தான், அதுக்கு வெறும் 4 நாள்.

இதுல ஒரு குறை உண்டு. கோடு சொல்றது நம்மளை நோக்கி உள்ள வேகத்தை மட்டும்தான், பாதை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு சொல்லாது, அதனால எடைக்கு ஒரு கீழ் எல்லைதான் கிடைக்கும். ஆனா ஒண்ணை ஒண்ணு மறைச்சு கிரகணம் பிடிச்சா விளிம்புல இருந்துதான் பாக்கோம்னு தெரிஞ்சுரும், சாய்வு பிரச்சினை தீந்துது. அல்கால் நட்சத்திரம் 2.87 நாளைக்கு ஒருக்க மங்கும், ஒரு துணை வந்து மறைக்கலாம்னு 1783ல சொன்னது ஜான் குட்ரிக், காது கேக்காத 18 வயசு பையன். 1889ல ஃபோகல் கோடுகளை அளந்து அதை உறுதி பண்ணுனாரு. இது தவிர தள்ளி தள்ளி உள்ள ரெண்டு திறப்பு வழியா வர்ற வெளிச்சத்தை ஒண்ணு சேத்து அளக்கிற முறையும் இருக்கு, 1920ல மவுண்ட் வில்சன்ல கபெல்லாவை அப்படி அளந்தாங்க.

9. ரெண்டுக்கே இவ்வளவு பாடுன்னா மூணு, நாலு, ஆறு இருந்தா?

பயப்பட வேண்டாம், இயற்கை அதை அடுக்கி வச்சிருக்கு. மூணு நட்சத்திரம் ஒரே அளவு தூரத்துல கலந்து சுத்துனா நிலைக்காது, ஒண்ணு வெளிய தள்ளப்பட்டுரும். நிலைச்சு நிக்கது எல்லாம் நெருக்கமா ஒரு ஜோடி, அதுல இருந்து பல மடங்கு தூரத்துல மூணாவதுன்னுதான் இருக்கும். அதனால உள் ஜோடியை தனி ஜோடியாவும், வெளிய உள்ளதுக்கு அந்த ஜோடியையே ஒத்தை நட்சத்திரமாவும் வச்சு கணக்கு போடலாம்.

புனர்பூசத்துல உள்ள காஸ்டரை எடுத்துக்கிடுங்க. டெலஸ்கோப்புல ரெண்டு, இடைவெளி 5 ஆர்க் செகண்டுக்கு கொஞ்சம் மேல, ஒரு சுத்துக்கு நாநூத்தி அம்பது வருசத்துக்கு மேல. அதுல ஒண்ணு 9.2 நாள்ல சுத்துற ஜோடி, மத்தது 2.9 நாள் ஜோடி. தள்ளி மங்கலா ஒரு சிவப்பு, அதுவும் ஜோடி, 20 மணி நேரம் கூட இல்ல ஒரு சுத்துக்கு, கிரகணமும் பிடிக்கும். 4ல சொன்ன முறை, 8ல சொன்ன ரெண்டு முறை எல்லாம் இந்த ஒரே நட்சத்திரத்துக்கு வேணும். எனக்கு வானத்துலயே பிடிச்சது இதுதான்.

மூணாவது ஆள் இருக்குன்னு மறைமுகமாவும் தெரியும். உள் ஜோடி முழுசா நம்மளை நோக்கி ஒரு காலம் வரும், ஒரு காலம் விலகும், கிரகண நேரமும் சில நிமிசம் முந்தும் பிந்தும், ஏன்னா வெளிச்சம் வர்ற தூரம் மாறுது. அல்கால்ல 680 நாளைக்கு ஒரு சுத்து போடுற மூணாவது நட்சத்திரம் உண்டு.

10. ப்ராக்ஸிமா ஆல்பா செண்டாரியை சுத்த 5 லட்சம் வருசம்னு போட்டிருக்கு. இதை சும்மா அடிச்சு விடுதாங்களா?

இல்ல. 1915ல ஜொகன்னஸ்பர்க்ல இன்னஸ் கண்டுபிடிச்ச நட்சத்திரம் அது, வானத்துல ஆல்பாவுல இருந்து 2 டிகிரிக்கு மேல தள்ளி இருக்கு. இங்க பாதையை பாக்கதுக்கு வழியே இல்ல, அதனால கேள்வியை மாத்திட்டாங்க, ஈர்ப்பு பிடிச்சு வைக்கிற அளவுக்கு மெதுவா போகுதான்னு கேட்டாங்க. 2017ல வெளியான அளவுப்படி ரெண்டுக்கும் நடுவுல உள்ள வேக வித்தியாசம் செகண்டுக்கு சுமார் 270 மீட்டர், அந்த தூரத்துல தப்பிச்சு போக 545 மீட்டர் வேணும். அப்ப கட்டுண்டுதான் இருக்கு. இடமும் வேகமும் எடையும் தெரிஞ்சா பாதை கணக்குல வந்துரும், அதுல வந்ததுதான் சுமார் 5 லட்சத்து 50 ஆயிரம் வருசம். வேக அளவு துல்லியமானா இந்த எண் கொஞ்சம் மாறும், கட்டுண்டு இருக்குங்கிறது மாறாது.

11. துணை கண்ணுக்கே தெரியலன்னா ஒத்தைன்னுதானே அர்த்தம்?

அப்படி இல்ல. 1844ல ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல், சிரியஸ் நேரா போகாம நெளிஞ்சு நெளிஞ்சு போறதை வச்சே பக்கத்துல தெரியாத ஒண்ணு இருக்குன்னு சொன்னாரு. 1862 ஜனவரி 31ல ஆல்வன் கிரகாம் கிளார்க் புது லென்சை சோதிக்கும்போது அது கண்ணுல பட்டுது. 7ல எடை போட்டோமே, அதுல சின்னது இதுதான், வெள்ளைக் குள்ளன், அதாவது எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்துக்க மிச்சம். இந்த நெளிவு முறையைத்தான் கையா பெரிய அளவுல செஞ்சுது, கிரகணம், கோடு நகர்வு எல்லாம் சேத்து 2022ல வெளியிட்ட பட்டியல்ல 8 லட்சத்துக்கும் மேல ஜோடிகளுக்கு விவரம் இருக்கு.

12. நம்ம ஊர்ல இருந்து எதை எப்ப பாக்கலாம், நாமளும் அளக்க முடியுமா?

முடியும், நான் எல்லாரையும் கெஞ்சி கேக்கது இதைத்தான். ஆல்பா செண்டாரி டெல்லியில அடிவானத்தை தொட்டுட்டு இறங்கிரும், சென்னையில 16 டிகிரி ஏறும், கன்னியாகுமரியில 21 டிகிரி. தெக்கால மலை கிடையாது, வீட்டு லைட் கிடையாது, கடல்தான், வள்ளங்களுக்க லைட் மட்டும் இருக்கும். மார்ச் தொடக்கத்துல விடியக்காலம் 4 மணிக்கும் ஏப்ரல் கடைசியில நடுராத்திரிக்கும் உச்சியில நிக்கும், ஜூன்ல மழை பிடிச்சுரும் அதுக்குள்ள பாத்துரணும். ஆனா 21 டிகிரியும் தாழ்வுதான், காத்துல கொஞ்சம் ஆடும். அளந்து பழக கன்னி ராசியில சித்திரைக்கு மேற்க உள்ள பொரிமா நல்லது, நம்ம தலைக்கு மேலயே வரும், 2005ல ஒட்டிக்கிடந்தது இப்ப 3 ஆர்க் செகண்டுக்கு மேல விரிஞ்சிருக்கு, சுத்து 169 வருசம். ஜனவரி, பிப்ரவரியில காஸ்டர்.

6 இஞ்ச் டெலஸ்கோப் கொள்கை அளவுல 0.8 ஆர்க் செகண்ட் வரைக்கும் பிரிக்கும், நம்ம காத்துக்கு 2க்கு மேல உள்ளதை எடுங்க. ஒரு சின்ன கேமரா மாட்டி நிறைய ஃப்ரேம் எடுத்து ஆடாததை மட்டும் வச்சுக்கிடணும். பெறகு மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, நட்சத்திரம் ஃப்ரேம்ல ஓடுற பக்கம்தான் மேற்கு. வானநடுக்கோட்டுக்கிட்ட (பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்துல உள்ள கோடு) அது செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் ஓடும், பொரிமாவுக்கு அப்படியே வைக்கலாம், ஆல்பா செண்டாரிக்கு 7.3. எத்தனை பிக்சல் எத்தனை செகண்ட்ல ஓடுச்சுன்னு பாத்தா ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட்னு கிடைச்சுரும். ஒரு ராத்திரி அளவை நம்பாதீங்க, நாலஞ்சு ராத்திரி எடுத்து சராசரி போடுங்க, எண்ணுக்க பக்கத்துல சிதறல் எவ்வளவுன்னும் எழுதுங்க.

13. காஸ்டருக்கு ஒரு இடத்துல 467 வருசம், இன்னொரு இடத்துல 460க்கு பக்கம். எது சரி?

புது அளவு வச்சு போட்டதுதான் சரிக்கு கிட்ட, அதுவும் மாறலாம். ஹெர்ஷல் அளந்ததுல இருந்து காஸ்டர் இன்னும் பாதி சுத்துக்கு கொஞ்சம் மேலதான் முடிச்சிருக்கு. அதனாலதான் பாதை பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் தரம் போட்டிருப்பாங்க, 1ன்னா உறுதி, 5ன்னா இன்னும் ஒண்ணும் தீரல. படிக்கும்போது காலத்தை பாக்கதுக்கு முன்னால தரத்தை பாருங்க.

இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒரு விசயம் இருக்கு. காலம் கூடிப்போனா பாதைக்க அளவும் கூடவே கூடிப்போகும், 7ல போட்ட மாதிரி வகுக்கும்போது ரெண்டு பிசகும் பெரும்பாலும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுரும். அதனால காலம் சரியா தெரியாத ஜோடிக்கும் எடை ஓரளவு நல்லாவே கிடைக்கும்.

14. சாஞ்சிருக்கு சரி, ஆனா எந்த ஓரம் நம்ம பக்கம், எந்த ஓரம் அந்தப் பக்கம்?

4ல சொன்ன அளவை மட்டும் வச்சு ஆயிரம் வருசம் பாத்தாலும் இதுக்கு பதில் கிடையாது. பாதை முன்னால சாஞ்சாலும் பின்னால சாஞ்சாலும் வானத்துல விழுற நிழல் ஒண்ணுதான். கோடு நகர்வை ஒரே ஒரு தடவை நல்லா அளந்து, துணை நம்மளை நோக்கி வருதா விலகுதான்னு பாத்தா உடனே தீந்துரும். அது இல்லாத ஜோடிகளுக்கு பட்டியல்ல திரும்பல் கோணத்தை (6ல சொன்ன ஏழு எண்ல ஒண்ணு) 180 டிகிரிக்கு கீழ உள்ளதா எடுத்து போட்டுருவாங்க, அது ஒரு வழக்கம், அளந்த உண்மை இல்ல. பொரிமா மாதிரி ரெண்டும் ஒரே பிரகாசமா இருந்தா இன்னொரு சிக்கல், எதுல இருந்து எதுக்கு கோணம் எடுத்தோம்னே குழம்பிரும், பழைய அளவுகள்ல 180 டிகிரி மாறி கிடக்கிறதை பாக்கலாம். அதனால நீங்க அளவு அனுப்பும்போது எதை முதல் நட்சத்திரம்னு வச்சீங்கன்னு ஒரு வரி சேத்து எழுதிருங்க.